ஐரோப்பா பேக்கேஜ் விற்பவர்களுக்கு: லைப்சிக்கில் மூன்று ராத்திரி கொடுங்கள்

ஐரோப்பா சுற்றுலா ஏற்பாடு செய்யும் தமிழ்நாட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரோடு நானும் அம்மாவும் சில வருஷத்துக்கு முன்னால் போய் வந்தோம். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஒன்பது நாள், ஆறு நாடு. அதில் ஜெர்மனிக்கு விழுந்தது ஒன்றரை நாள். கொலோன் தேவாலயத்து வாசலில் நாற்பது நிமிடம், ரைன் நதியில் ஒரு படகு, கருங்காட்டில் ஒரு குக்கூ கடிகாரக் கடை. கடையில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினீர்கள். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தங்கவைத்தது நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில், சுற்றிலும் சரக்குக் கிடங்குகள். ராத்திரி ஒன்பதுக்கு இறக்கிவிட்டு, காலை ஆறேமுக்காலுக்குப் பெட்டியோடு கீழே நிற்கச் சொன்னீர்கள். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா "ஜெர்மனி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ் சீட்டு நல்லா இருந்துச்சு" என்றார்.

அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருஷம் மே மாதம் நாங்கள் இருவர் மட்டும், உங்கள் துணை இல்லாமல், ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்து ஊரான லைப்சிக் போனோம். உங்கள் அட்டவணை எதிலும் இந்த ஊர் பெயரை நான் பார்த்ததில்லை. சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு விமானம், அங்கிருந்து மூன்று மணி நேர ரயில். மூன்று ராத்திரியும் ஒரே ஹோட்டல். பெட்டியை ஒரே தடவைதான் திறந்தோம். எழுபத்தொரு வயசு முழங்காலுக்கு இதைவிடப் பெரிய சொகுசு இல்லை.

ஹோட்டல் பெரிய நட்சத்திர வகையறா அல்ல. ரயில் நிலையத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வாசல். இரண்டு பேர் படுக்கும் கட்டில்தான், ஆனால் அதில் இரண்டு தனி மெத்தை, ஆளுக்கொரு போர்வை, தனித்தனியாக மடித்து வைத்திருந்தார்கள். அந்த ஊரில் புருஷன் பெண்சாதிக்கும் இப்படித்தானாம். "நல்ல வழக்கம்டி. உங்கப்பா இருந்தப்ப தெரியாமப் போச்சே" என்றார் அம்மா. பிறகு ஜன்னல். கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் கதவு போலத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலின் மேல்பாதி அறைக்குள் சாயும். அம்மா மேல்நோக்கித் திருப்பிவிட்டு, "கழண்டு வருதுடி!" என்று இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். காற்று வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று வரவேற்பறைப் பையன் வந்து காட்டிக்கொடுக்கும்வரை விடவில்லை. அறையில் ஏசி கிடையாது, கெட்டிலும் கிடையாது. கேட்டதும் கெட்டில் கொடுத்தார்கள். காலைச் சாப்பாட்டில் கசகசா தூவிய பன். "அரைக்காம அப்படியே போட்டிருக்காங்க" என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று நாளும் அதையேதான் எடுத்தார்.

அந்தச் சாயும் ஜன்னலுக்குக் கீழே டிராம் ஓடுகிற அகலச் சாலைதான் பழைய நகரத்தைச் சுற்றிப் போகும் ரிங். 1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை ராத்திரி, ஏறக்குறைய 70,000 பேர் அரசை எதிர்த்து இந்த வழியே ஊர்வலமாக நடந்தார்கள். கிழக்கு ஜெர்மனி அரசின் காவல் படை தயாராக நின்றது. யாரும் சுடவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது. உங்கள் பேக்கேஜில் பெர்லின் இருக்கும்போதெல்லாம் சுவரின் மிச்சத்தைக் காட்டுகிறீர்கள். அது எங்கிருந்து ஆட்டம் கண்டது என்பது இங்கே, எங்கள் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது.

அந்த ஊர்வலங்களுக்கு வித்திட்டது நிகோலாய் தேவாலயத்தில் 1982 முதல் நடந்துவந்த திங்கட்கிழமைப் பிரார்த்தனை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கல் கட்டடம். உள்ளே போனதும் அம்மா அண்ணாந்து நின்றுவிட்டார். வெள்ளைத் தூண்கள், அவற்றின் உச்சியில் கல்யாண மண்டபத்துக் குருத்தோலை போல வெளிர்பச்சை மட்டைகள் விரிந்து மேற்கூரையைத் தொடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த வேலைப்பாடு. "தென்னையா, பேரீச்சையா?" என்பதில் எங்களுக்குள் விவாதம் முடியவே இல்லை. அதே தூண் ஒன்று வெளியே சதுக்கத்திலும் தனியாக நிற்கிறது, 1989-ன் நினைவாக. தேவாலயத்துக்குள் இருந்தது தெருவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் வழிகாட்டி பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சதுக்கத்தில் உட்கார ஒரு சாயங்காலம் வேண்டும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் அகுஸ்டுஸ் சதுக்கம். 1409-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் தேவாலயம் ஒன்று இங்கே இருந்தது. போர்க்குண்டுகளுக்குத் தப்பிய அந்தக் கட்டடத்தை 1968 மே 30 அன்று அரசே வெடிவைத்துத் தகர்த்தது. இப்போது அதே இடத்தில் கண்ணாடியும் கல்லுமாகப் புதுக் கட்டடம். முகப்பில் பழைய தேவாலயத்தின் சாயல் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. உள்ளே சில தூண்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன, தரையைத் தொடுவதில்லை. இருந்ததை இருந்தபடியே திருப்பிக் கட்டியிருந்தால் இடித்தது மறைந்துபோயிருக்கும். தொங்குகிற தூணைப் பார்த்தால் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது, அம்மா கேட்டார். பக்கத்திலேயே 142 மீட்டர் உயரக் கோபுரக் கட்டடம் இருக்கிறது, லிஃப்டில் ஏறி ஊரைப் பார்க்கலாம். போட்டோ ஸ்டாப் கட்டாயம் வேண்டுமென்றால் அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

"தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். தரங்கம்பாடிக்கு வார இறுதி டூர் போடுகிறீர்களே, அந்தக் கதையின் மறுமுனை இங்கேதான். லைப்சிக் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பரப்புச் சங்கம் 1848-ல் டிரெஸ்டனிலிருந்து இந்த ஊருக்கு இடம் பெயர்ந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856-ல் இங்கே அச்சேற்றினார். அவருடைய லத்தீன் மொழிபெயர்ப்பு, அவர் இறந்த மறு வருஷம், 1865-ல் வந்தது. உள்ளூர் ரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடப் போனால் ஹாலே. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர். 1698-ல் நிறுவப்பட்ட ஃபிராங்கே அறநிலையம் அங்கே இன்னும் இயங்குகிறது. அதன் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கான முதல் தமிழ் எழுத்துகளை வார்த்துக் கப்பலேற்றியதும் ஹாலேதான். அரை நாள் போதும். கடிகாரக் கடைக்குக் கொடுத்த நேரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என் மேல் பழி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊரே சாத்திக்கிடக்கும். ரயில் நிலையத்துக்குள் இருந்த சில கடைகள்தான் எங்களைக் காப்பாற்றின. 1915-ல் திறந்த பிரம்மாண்டமான நிலையம் அது, நடைமேடை மட்டத்துக்குக் கீழே இரண்டு அடுக்குக் கடைவீதி, வெயிலோ மழையோ அங்கேயே பொழுது போய்விடும். சைவச் சாப்பாட்டுக்குத் துருக்கிக் கடை ஃபலாஃபெல் கைகொடுத்தது. "லைப்சிகர் லெர்ஷே" என்று பாதாம் விழுது வைத்த சின்னப் பலகாரம் விற்கிறார்கள். லெர்ஷே என்றால் வானம்பாடி. முன்பு நிஜமாகவே குருவியைப் பிடித்துச் சுட்டார்களாம்; 1876-ல் அந்த வேட்டையைத் தடை செய்த பிறகு பேக்கரிக்காரர்கள் அதே பெயரில் இனிப்பு செய்தார்கள். அம்மா கதையைக் கேட்டுவிட்டு ஒன்று சாப்பிட்டார், கதையை மறந்துவிட்டு இன்னொன்றும் சாப்பிட்டார்.

இனி என் கோரிக்கை. தாமஸ் தேவாலயத்தில் இசைமேதை பாக் 1723 முதல் 1750-ல் சாகும்வரை இசைப் பொறுப்பில் இருந்தார். இப்போது அவர் உடல் அங்கேயே, தரையில் பதித்த ஒரு வெண்கலப் பலகையின் கீழ் இருக்கிறது. பலகையில் பெயர் மட்டும்தான். மேலே யாரோ வைத்த பூக்கள். 1212-லிருந்து தொடரும் சிறுவர் பாடகர் குழு அங்கே வெள்ளி மாலை ஆறுக்கும், சனி மதியம் மூன்றுக்கும் பாடுகிறது. நிகழ்ச்சித் தாளுக்கான சில யூரோதான் நுழைவுக் கட்டணம். பாடகர்கள் பின்பக்க மாடத்தில் நிற்பதால் முகம் தெரியாது, குரல் மட்டும் தலைக்கு மேலே வரும். பாஷையும் புரியவில்லை, ராகமும் பழகியதில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று தொட்டேன். கையைத் தட்டிவிட்டார்.

ஆகவே, லைப்சிக்குக்கு வியாழக்கிழமை போய்ச் சேர்வதாகப் போடுங்கள். வெள்ளி மாலை களைப்பில் தவறினாலும் சனி மதியம் இருக்கும், ஞாயிறு காலை கிளம்பிவிடலாம். அவர்களுடைய கோடை விடுமுறையில் அந்தப் பையன்கள் பாட மாட்டார்கள். அது ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு லீவு மே மாதம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் வாடிக்கையாளர் ஒருத்தி,
உறையூர்