எட்டு வாரம் என்று சொல்லி ஐந்து வாரக் குட்டியை விற்றது பற்றிய புகார்

ஹட்டன்
ஏப்ரல் 6

முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: நாய்க்குட்டியின் வயதையும் தடுப்பூசி அட்டையையும் பிழையாகத் தந்தமை

ஐயா,

மார்ச் 7ஆம் திகதி உங்களிடம் 45,000 ரூபாய் கட்டி ஒரு லாப்ரடோர் ஆண் குட்டி வாங்கினோம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். மகள் அவனுக்கு மணி என்று பேர் வைத்திருக்கிறாள். மணியை நாங்கள் திருப்பித் தரப் போவதில்லை. போன் எடுத்தபோதெல்லாம் "சரிவராவிட்டால் கொண்டுவந்து விடுங்கள்" என்றே பதில் வந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தந்த அட்டையில் பிறந்த திகதி ஜனவரி 10 என்று இருக்கிறது. அப்படியென்றால் எங்கள் கைக்கு வந்த அன்று அவனுக்குச் சரியாக எட்டு வாரம். ஆனால் வந்த இரவே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் கொடுத்துவிட்ட தீனியை அவனால் கடிக்கவே முடியவில்லை. சுடுநீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுத்தால் நக்கினான். ஹட்டன் குளிர் உங்களுக்குத் தெரியும். அம்மாவின் பழைய கம்பளிக்குள் சுருட்டி வைத்தும் விடிய விடிய நடுங்கிக்கொண்டே அழுதான்.

9ஆம் திகதி காலை வாந்தி எடுத்தான். கூழோடு சேர்ந்து இடியப்ப இழை மாதிரி வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டு வந்தன. அட்டையிலோ பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்ததாக எழுதியிருக்கிறது. இந்தப் புழுவின் முட்டை பிள்ளைகளின் கைவழியாக வாய்க்குப் போனால் அவர்களையும் பாதிக்கும். அதற்கு முந்தின இரண்டு நாளும் என் மகள் அவனை மடியிலேயே வைத்திருந்தாள்.

அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். டொக்டர் முதலில் வாயைத்தான் திறந்து பார்த்தார். எட்டு வாரக் குட்டிக்கு 28 பால்பற்களும் வந்திருக்க வேண்டுமாம். மணிக்கு முன்பற்கள் அரிசி முனை அளவுக்கு எட்டிப் பார்த்தன, கடைவாயில் வெறும் ஈறுதான். நிறை 2.3 கிலோ. "ஐந்து வாரம், அதற்கு மேல் இருக்காது" என்றார். அவருடைய கடிதமும் இத்துடன் இருக்கிறது.

மூன்று வாரம்தானே என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். அந்த மூன்று வாரத்தால் எல்லாக் கணக்கும் பிழையாகிப் போகிறது. பிப்ரவரி 21இல், ஆறு வாரத்தில், முதல் ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அன்று அவன் மூன்று வாரக் குழந்தை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்போது போட்ட ஊசி பிடிக்காமல் போகலாம். உங்கள் அட்டைப்படி நடந்தால் 16 வாரத்தில் போட வேண்டிய கடைசி ஊசியை 13 வாரத்திலேயே போட்டு, முடிந்தது என்று மண்ணில் விளையாட விட்டிருப்போம். இந்த ஊசி தடுக்கிற பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட நோய்; அதன் கிருமி மண்ணில் மாதக்கணக்காகக் கிடக்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் ஒரு நாய்க்கு வந்தால் அந்த வரிசையிலுள்ள குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஆபத்து. அந்த ஊசி உண்மையில் போடப்பட்டதா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். மருந்துக் குப்பியின் லேபிள் அட்டையில் ஒட்டப்படவில்லை, வைத்தியரின் முத்திரையும் இல்லை. மார்ச் 28இல் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

அப்புறம் கடிக்கிற விஷயம். மகளின் கையெல்லாம் கீறல். அதற்கு உங்கள் பயிற்சியாளர் சொன்ன வைத்தியம், பேப்பரைச் சுருட்டி மூக்கில் அடிப்பதும், மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பதும். எங்களால் அதைச் செய்ய முடியாது. பலமாகக் கடித்தால் கூடப்பிறந்தது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும். எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி அப்படித்தான் படிக்கும். அந்தப் படிப்பு நடக்கிற வாரங்களில்தான் நீங்கள் அவனைத் தாயிடமிருந்து பிரித்தீர்கள். இப்போது அவன் கடித்தால் நாங்கள் பேசாமல் எழுந்து போய்விடுகிறோம், திரும்பி வந்து ஒரு பழந்துணி முடிச்சைக் கொடுக்கிறோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே தூக்கிப் போகிறோம், அங்கே மூத்திரம் போனால் தடவிக் கொடுக்கிறோம். கீறல் குறைந்திருக்கிறது. அடித்திருந்தால் கையைக் கண்டாலே பயப்படும் நாயாகத்தான் வளர்ந்திருப்பான்.

வைத்தியச் செலவு 8,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். சரியான பிறந்த திகதியையும், ஊசி போட்டவர் யார், எந்த மருந்து என்பதையும் எழுத்தில் தாருங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு செய்வேன்.

பணத்தை விட அவசரமான ஒன்று இருக்கிறது. அன்று உங்கள் ஆள் கொண்டுவந்த கூடையில் மணியோடு இன்னும் நான்கு குட்டிகள் இருந்தன. அவற்றை வாங்கியவர்களிடமும் இதே அட்டைதான் இருக்கும். அவர்களின் தொலைபேசி இலக்கங்கள் உங்களிடம் இருக்கின்றன. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவர்களுக்கு போன் எடுத்து, அட்டையை நம்ப வேண்டாம், உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மணியை வளர்ப்பவர்