வேலியை நிறுத்தித் தந்த அண்ணைக்கு

அன்பான ஊரவருக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும்,

வானத்து றேடியோ அலைகளைக் கேட்கப் பிள்ளைகள் கட்டிய அன்ரெனாவின் கம்பங்கள் செவ்வாய் இரவு விழுந்ததும், பிள்ளை ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போனதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான், நேற்றுக் கஞ்சி குடித்தான். அது போதும்.

விழுந்த கம்பங்களைத் திரும்ப நாட்டியவர்கள், நனைந்த றிசீவரை விடிய விடிய இருந்து திருத்திய றேடியோக் கடைக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் காசு வாங்காமல் காத்து நின்ற ஓட்டோத் தம்பி, தேத்தண்ணியும் றொட்டியும் அனுப்பிய அக்காமார், வெளிநாட்டிலிருந்து காசு சேர்த்த பழைய மாணவர், எல்லோருக்கும் நன்றி. வீடு வீடாக வந்தும் சொல்வேன். ஆனால் வாய்க்காலோரக் கச்சான் தோட்டத்து அண்ணைக்கு இங்கேயே சொல்லியாக வேண்டும். அவர் செய்ததை உதவி என்று அவரே ஒத்துக்கொள்ளமாட்டார்.

பிள்ளைகள் இந்த அன்ரெனாவைக் கட்டத் தொடங்கியது வானியலாளர் ஜோசலின் பெல் பர்னெல்லின் கதையைக் கேட்ட பிறகுதான். வட அயர்லாந்தில் 1943இல் பிறந்தவர். எங்கள் 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் போல அங்கே 11 வயதில் ஒரு சோதனை, அதில் தவறியவர். இதைச் சொன்னதும் பின்வாங்கில் இரண்டு பேர் நிமிர்ந்து இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, மற்றவர்களோடு சேர்ந்து நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பங்களைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, 190 கிலோமீற்றர் அளவு கம்பி இழுத்தார். அந்த அன்ரெனா ஒரு நாளைக்கு 30 மீற்றர் கடதாசியில் கோடு கீறித் தள்ளும். 1967இல் அதற்குள் ஒரு விரல் அகலமும் வராத கிறுக்கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அவர் விடவில்லை. வேகமாகக் கடதாசியை ஓடவிட்டுப் பார்த்தால், 1.33 செக்கனுக்கு ஒரு துடிப்பு. மேற்பார்வையாளர் ஹியூயிஷ் முதலில் அதை மனுசர் வேலை என்றுதான் நினைத்தார். ஆனால் அது நட்சத்திரங்களோடு சேர்ந்து ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தியே வந்தது, ஆகவே வானத்திலிருந்துதான். ஒழுங்கான துடிப்பாக றேடியோ அலை அனுப்பும் நட்சத்திரம், முதலாவது துடிவிண்மீன் அது. 1974இல் நோபல் பரிசு ஹியூயிஷுக்கும் அந்தக் குழுவின் தலைவர் றைலுக்கும் போனது, ஜோசலினுக்கு இல்லை.

சனி இரவு றிசீவரைப் போட்டோம். இரண்டு கம்பங்களுக்கு இடையில் ஏழு மீற்றர்க் கம்பி, 20.1 மெகாஹேட்ஸ் அலைவரிசை. காதில் மாட்டிய பிள்ளை துள்ளி எழும்பினாள். "சேர்! டிக் டிக் எண்டு ஒழுங்காக் கேக்குது. துடிவிண்மீன்!" எண்ணிப் பார்த்தால் செக்கனுக்கு ஒன்று. நானும் ஹியூயிஷ் மாதிரி, "இது மனுசர் வேலை" என்றேன். அவர் பிழைவிட்ட இடத்தில் நான் சரி, அவ்வளவுதான் வித்தியாசம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யானைக்குப் போட்ட மின்வேலி அது. ஒவ்வொரு துடிப்பும் எங்கள் கம்பியில் ஏறியது.

முத்தையன்கட்டுப் பக்கம் கச்சான் பிடுங்கும் காலத்தில் ஒருவரிடம் போய் வேலியை நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. பிள்ளைகள்தான் போனார்கள். அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், டோர்ச் கக்கத்தில்.

"ஒரு மணித்தியாலம் காணுமோ?"

"யானை வந்தால், அண்ணை?"

"வந்தால் நான் நிக்கிறன் தானே. நீங்கள் கேளுங்கோ."

வேலிப் பெட்டியின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. யானை வெடி இரண்டும் ஒரு பழைய தகரமும் எடுத்துக்கொண்டு வரம்பில் போய்க் குந்தினார். போன மாதம் அதே வரம்பால்தான் யானை இறங்கியது.

டிக் டிக் நின்ற பிறகுதான் உண்மையான இரைச்சல் தெரிந்தது. அன்ரெனா வயரைக் கழற்றினால் குறையும், செருகினால் கூடும். 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் யான்ஸ்கி 20.5 மெகாஹேட்ஸில் முதன்முதலாகக் கேட்ட அதே பால்வீதியின் இரைச்சல். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று பங்கு போட்டுக் கேட்டார்கள். படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு ஃபோனில் பதிவுசெய்து அனுப்பினோம்.

ஜோசலின் 2018இல் கிடைத்த 30 லட்சம் டொலர் பரிசை அப்படியே பௌதிக ஆராய்ச்சிக்கு வர வாய்ப்புக் குறைந்த மாணவருக்கு, அகதி மாணவருக்கும் சேர்த்து, கொடுத்துவிட்டார். எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே கச்சான் பிடுங்கி முடியும்வரை ஒவ்வொரு சனியும் அந்த வரம்பில் காவலுக்கு நானும் உயர்தர வகுப்புப் பெடியளின் தகப்பன்மாரும் இருப்போம். அண்ணை வேண்டாம் என்றார். அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

கடைசியில் அவருக்கும் காதில் மாட்டிவிட்டோம். கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டார்.

"குளத்துக்கு அங்கால மழை வாற சத்தம் மாதிரிக் கிடக்கு," என்றார். பிறகு, "சரி, வேலியைப் போடட்டோ?"

இப்படிக்கு,
உங்கள் பௌதிக சேர்

பி.கு.: நீல ஏணி தந்தது யார் என்று தெரியவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.