முகூர்த்தத்திற்கு முன்பே பார்க்க வேண்டிய அனுமதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்த்து அங்கேயே திருமணத்தை நடத்தும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல, வரப்போகும் மருமகளையோ மருமகனையோ எந்த அனுமதியின்கீழ் இங்கே அழைத்துவருவது என்ற கேள்வியைக் கல்யாணத்திற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிடுகின்றன. அப்படித் தள்ளிவைத்து அவதிப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். எந்த அலுவலகத்தின்மீதும் எனக்குக் குறையில்லை. விதிகள் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில்தான் இருந்தன. படிக்காமல் விட்டது நாங்கள்.

என் மூத்த மகன் சிங்கப்பூர்க் குடிமகன். தேசிய சேவையை முடித்துவிட்டுத் தளவாடத் துறையில் வேலை செய்கிறான். பட்டுக்கோட்டைப் பக்கம் தூரத்துச் சொந்தத்தில் பெண் அமைந்தது. ஜாதகம் பார்த்தோம், மண்டபம் பிடித்தோம், பந்திக்கு எத்தனை இலை என்று சமையல்காரரிடம் மூன்று முறை கணக்குச் சொன்னோம். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பொண்ணு எப்பங்க சிங்கப்பூர் வரும்?" தாம்பாளத்தைக் கையில் ஏந்தியபடியே, "கல்யாணம் முடிஞ்சதும் விசா எடுத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம், சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. எப்போதோ யாருக்கோ அப்படி நடந்ததாகக் காதில் விழுந்ததுதான்.

திருமணம் முடிந்து மருமகளுக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்டு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான், திருமணத்திற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு மதிப்பீடு இருப்பது தெரியவந்தது. 2015 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் இதை 'பிஎம்எல்ஏ' என்கிறார்கள். சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவரும் அவர் மணக்கவிருக்கும் வெளிநாட்டவரும், மணமுடிப்பதற்கு முன்னரே குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் தங்கள் விவரங்களைக் கொடுத்து, திருமணத்திற்குப் பிறகு நீண்டகால வருகை அனுமதி கிடைக்கத் தங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தகுதி இருந்தால் அதற்கொரு கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் பொதுவாக ஆறு வாரங்களுக்குள் முடிவு தெரிந்துவிடும். கடிதம் இல்லாவிட்டால் ஆறு மாதம்வரை ஆகலாம். ஏற்கெனவே மணமானவர்களுக்கு இந்த வழி கிடையாது. தாலி கட்டிய கையோடு அந்தக் கதவை நாங்களே சாத்திவிட்டிருந்தோம்.

அதன் பிறகு எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மருமகளைச் 'சோஷியல் விசிட்' எனும் குறுகியகால வருகையில் அழைத்துவந்து, இங்கிருந்தபடியே விண்ணப்பித்துக் காத்திருந்தோம். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் வருவதற்கு முன்பே விசா எடுக்க வேண்டும். விசா கையில் இருந்தாலும் எத்தனை நாள் தங்கலாம் என்பது சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும்போதுதான் முடிவாகும். எங்களுக்குக் கிடைத்தது முப்பது நாள். மஞ்சள் கயிற்றின் ஈரம்கூட முழுதாகக் காயாத அந்தப் பெண், சமையலறையில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியில் தாள் கிழிக்கும் ஒவ்வொரு காலையிலும் மீதம் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நீட்டிப்புக் கேட்டோம், கிடைத்தது. அந்தக் காலமும் தீர்ந்தது. விண்ணப்பத்தின் முடிவு மட்டும் வரவில்லை. திருச்சி விமானத்தில் ஏற்றி அனுப்பிவைத்தோம். போய் இறங்கிய மறுநாளே தெருவில் ஒருவர், "என்ன, அதுக்குள்ள திரும்பி வந்துட்டா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். விதியையும் விண்ணப்பத்தையும் விளக்கினால் அந்தக் கேள்வி அடங்காது என்பது நம் ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

தாமதத்தில் ஒரு பங்கு எங்கள் ஆவணங்களாலும் வந்தது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள்வரை அவகாசம் உண்டு. கோயிலில் தந்த ரசீதும் மண்டபத்தில் எடுத்த படங்களும் போதும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் காலத்தோடு பதிந்துவிட்டோம், ஆனால் பெயரில் சறுக்கினோம். மருமகளின் கடப்பிதழில் அவள் அப்பாவின் பெயர் முழுதாக விரித்து எழுதப்பட்டிருந்தது. திருமணச் சான்றிதழில் அதே பெயர் ஒற்றை எழுத்துத் தலைப்பாக நின்றது. தமிழர்களாகிய நமக்கு அது ஒரே ஆள் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கணினிக்கும் கோப்புக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை. உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி அதைச் சரிசெய்யவே சில வாரங்கள் போயின. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் தமிழ்த்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் சிரித்துவிட்டுச் செய்துவிடுவதே நல்லது. வெளிநாட்டு ஆவணத்துக்குச் சான்றொப்பம் தேவைப்பட்டால், 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரிலும், ஒரே சான்றை உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் 'அப்போஸ்டில்' முறை நடப்பில் இருப்பதால், தூதரகம் தூதரகமாக அலைந்த பழைய காலம் போய்விட்டது. அங்கே முறைப்படி நடந்து பதிவான திருமணத்தை இங்கே திருமணப் பதிவகத்தில் மறுபடியும் பதிய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பதியாவிட்டால் செல்லாது என்று எங்களைப் பயமுறுத்தியவர்களுக்குக் குறைவில்லை.

காத்திருந்த மாதங்களில் கேட்காமலே வந்த யோசனைகளும் பல. "நேரா பிஆர் போட்டுடுங்க" என்பது அவற்றில் முதன்மையானது. குடிமகனின் மனைவியோ கணவரோ நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்பது சரிதான். ஆனால், அது கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டு வாழ்க்கையைத் திட்டமிடுவது, என் பார்வையில், விவேகமன்று. திருமணம் எவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது, உத்தரவாதம் தருபவரால் குடும்பத்தைக் காப்பாற்ற முடியுமா, இருவரின் நன்னடத்தை எப்படி என்றெல்லாம் பார்க்கப்படும்போது, போன மாதம் மாலை மாற்றிக்கொண்டவர்களிடம் காட்டுவதற்கு அதிகம் இருக்காது. முதலில் நீண்டகால வருகை அனுமதியைப் பெற்று, இங்கே குடும்பமாக வாழ்ந்து காட்டிய பின் நிரந்தரவாசத்திற்குப் போவதே பெரும்பாலோர் நடந்த பாதை.

அந்த வருகை அனுமதியிலேயே இரண்டு வகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2012 ஏப்ரலில் அறிமுகமான 'எல்டிவிபி பிளஸ்' என்ற வகையைப் பெற்றவர்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் உள்நோயாளிச் சிகிச்சைக்கு உதவித்தொகை உண்டு. முதல் முறை மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படும். சாதாரண வகைக்கு அந்த உதவித்தொகை இல்லை. சிங்கப்பூர்க் குடிமகனான குழந்தை பிறந்திருப்பதோ, குழந்தை இல்லையென்றால் திருமணமாகி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருப்பதோ பிளஸ் வகைக்குப் பார்க்கப்படும் தகுதிகளில் சேரும். ஆகவே முதல் பிரசவம் பெரும்பாலும் உதவித்தொகை இல்லாத கட்டணத்தில்தான் வந்து நிற்கும். வளைகாப்பு எங்கே நடத்துவது என்று இரு வீட்டாரும் பேசும் அந்த நாளிலேயே பிரசவச் செலவையும் பேசிவிட வேண்டும். எந்த வகையானாலும் வேலைக்குப் போக மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் தேவை. சோஷியல் விசிட்டில் இருக்கும்போது வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்த என் மருமகள், கையில் பட்டம் இருந்தும் பகல் முழுதும் வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மேலே சொன்ன மதிப்பீடு குடிமக்களுக்குரியது. நிரந்தரவாசிகள் தங்கள் துணைக்கு நேரடியாக வருகை அனுமதி கேட்க வேண்டியிருக்கும். எம்பிளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ் எனும் வேலை அனுமதிகளில் இங்கிருக்கும் வெளிநாட்டவர்களுக்கு நிலைமை முற்றிலும் வேறு: மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவியையோ கணவரையோ 'டிபெண்டன்ட் பாஸ்' எனும் சார்ந்திருப்போர் அனுமதியில் அழைக்க முடியும். அந்தப் பாஸில் வருபவர்கள் 2021 மே முதல் வெறும் ஒப்புதல் கடிதத்தைக் கொண்டு வேலை செய்ய முடியாது. அவர்களுக்கென்று தனியாக ஒரு வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். படித்த பெண்ணாக இருந்தால், அவரே தன் தகுதியில் எஸ் பாஸோ எம்பிளாய்மெண்ட் பாஸோ பெற்று வருவது நல்ல வழி என்பேன். கணவரின் பொறுப்பில் தொங்கிக்கொண்டிராமல் சொந்தக் காலில் நிற்கலாம். ஆனால், 2025 முதல் எம்பிளாய்மெண்ட் பாஸ் பெறுவதற்கே குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டியிருப்பதால், இந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்கும் வழியன்று.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டு விஷயமன்று. ஆனால், எங்கள் வீட்டில் நடந்ததைவிடக் கடுமையானது. எங்கள் புளோக்கில் இருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, முன்பு இங்கே கப்பல் பட்டறையில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான 'ஒர்க் பெர்மிட்டில்' வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் ஒருவரை விரும்பினாள். பெர்மிட்தான் முடிந்துவிட்டதே, திருமணத்தையும் அவருடைய ஊரிலேயே நடத்திவிட்டால் இங்குள்ள விதி எதுவும் கட்டுப்படுத்தாது என்று இரு வீட்டாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் வற்புறுத்தியதால் மனிதவள அமைச்சின் இணையப்பக்கத்தைத் திறந்து படித்தார்கள். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க அமைச்சின் அனுமதி வேண்டும். முன்பு பெர்மிட்டில் இருந்தவருக்கும் அது பொருந்தும். திருமணம் வெளிநாட்டில் நடந்தாலும் பொருந்தும். அனுமதி பெறாமல் மணந்தால், மணமகன் இந்நாட்டுக்குள் வருவதற்கே தடை ஏற்படலாம். அந்தக் குடும்பம் முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டு முதலில் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறது. பெண்ணின் பாட்டிக்கு என்மேல் கோபம். நல்ல நாளைத் தட்டிக் கழித்த பாவம் எனக்காம். வாங்கிக்கொள்கிறேன்.

வீடு பற்றியும் ஒரு வார்த்தை. குடிமகன் தன் வெளிநாட்டுத் துணையோடு சேர்ந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குவதற்கு, விண்ணப்பிக்கும்போது அந்தத் துணையிடம் செல்லத்தக்க வருகை அனுமதியோ வேலை அனுமதியோ இருக்க வேண்டும். ஆகவே பாஸ் தள்ளிப்போனால் சாவியும் தள்ளிப்போகும். பிற்காலத்தில் துணை நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ ஆகும்போது, தகுதியுள்ளவர்கள் கூடுதல் மானியத்திற்கு விண்ணப்பிக்கலாம்.

எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. வருகை அனுமதி என்பது உத்தரவாதம் தருபவரைச் சார்ந்து நிற்பது. அதன் காலமும் புதுப்பிப்பும் கணவரின் வருமானத்தோடும் உறவோடும் பின்னிக்கிடக்கின்றன. 'சிங்கப்பூர் மாப்பிள்ளை' என்று சொல்லிப் பெண் கேட்டுப் போகும் நாம், இந்த உண்மையைப் பெண்வீட்டாரிடம் சொல்கிறோமா? எத்தனை பவுன் என்பதை அவர்கள் நம்மிடம் சொல்கிறார்கள்; என்ன பாஸ், எப்போது கிடைக்கும், அதுவரை பெண் எங்கே இருப்பாள், வேலைக்குப் போக முடியுமா என்பதை நாம் அவர்களிடம் சொல்ல வேண்டாமா? நான் சொல்லவில்லை. என் சம்பந்தி மரியாதைக்காக இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது எனக்கு மேலும் கூச்சமாக இருக்கிறது.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, ஆவணிக்கும் தைக்கும் திருமணங்கள் நெருங்கும் மாதங்களிலாவது இந்த அனுமதிகளைப் பற்றி ஒரு முழுப்பக்கம் எளிய தமிழில் வெளியிடுங்கள். வெட்டியெடுத்துத் தமிழ்நாட்டிலுள்ள சம்பந்தி வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி அது இருக்கட்டும். ஆங்கிலப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினால் அங்கே யாரும் திறப்பதில்லை. முன்னாள் ஒர்க் பெர்மிட் ஊழியரை மணப்பது பற்றிய விதியை அதில் மேலே, பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டாவது, மணமகள் தேவை, மணமகன் தேவை என்று வரும் விளம்பரங்களில் 'குடிமகன்', 'நிரந்தரவாசி', 'எஸ் பாஸ்' என்ற விவரத்தைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் போடுங்கள். 'சிங்கப்பூரில் நல்ல வேலை' என்ற ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள் ஒளிந்திருக்கின்றன.

என் மருமகளுக்கு ஆறாவது மாதத்தில் அனுமதி கிடைத்து, அவள் இங்கே வந்துவிட்டாள். இளையவனுக்கு இப்போது கும்பகோணத்தில் பெண் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தைச் சென்ற வாரம் அவனே 'சிங்பாஸ்' எனும் அரசாங்க மின்னடையாளம் கொண்டு இணையத்தில் நுழைந்து அனுப்பிவிட்டான். மண்டபத்துக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்