சால்வியஸ் அண்ணனுக்கு, கோர்ஃபிடியஸ் பேர் விஷயமா

அன்புள்ள சால்வியஸ் அண்ணே,

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோம்ல அட்டிகஸ்கிட்ட புஸ்தகங்களைக் கையால நகல் எடுக்கற வேலை பார்த்த உங்களைப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சது ரொம்பக் கொஞ்சம், அதுவும் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்குப் போட்ட கடிதங்கள்ல உங்க பேர் அங்கங்க வர்றதாலதான். விருந்துல நல்லா கேக்கறவங்க கிடைச்சா சால்வியஸை வாசிக்கச் சொல்லுங்கன்னு ஒரு புஸ்தகத்தை அனுப்பியிருக்கார், அந்தப் புஸ்தகமே இப்ப இல்ல. சரி, நான் எழுத வந்தது கோர்ஃபிடியஸ் விஷயம்.

கி.மு. 46-ல, சீசரோட எதிரணில இருந்ததுக்காகக் குற்றம் சாட்டப்பட்ட லிகாரியஸுக்காக சீசர் முன்னாடி சிசரோ பேசினாரே, அந்த உரையோட கடைசிப் பக்கமா, இவருக்காக துக்க உடை போட்டுட்டு வந்து நிக்கறவங்களைப் பாருங்கன்னு சில பெரிய மனுஷங்க பேரைச் சொல்றார், அதுல லூசியஸ் கோர்ஃபிடியஸும் ஒருத்தர். ஆனா அந்த மனுஷன் அதுக்கு முன்னாடியே செத்துப் போயிட்டார். அடுத்த வருஷம் லிகாரியஸ் குடும்பத்துக்காரர் ஒருத்தர் புரூட்டஸ் மூலமா இதைச் சொல்லி அனுப்ப, சிசரோ ஞாபகப் பிசகுன்னு உடனே ஒத்துக்கிட்டு, ஃபார்னகீஸ், அந்தேயஸ், சால்வியஸ்னு அட்டிகஸோட ஆளுங்க மூணு பேர்கிட்டயும் சொல்லி எல்லா பிரதிலேர்ந்தும் அந்தப் பேரை எடுத்துடுங்கன்னு அட்டிகஸுக்கு எழுதினார்.

அண்ணே, அந்தப் பேர் இன்னும் போகல. நீங்க வேலைய ஒழுங்கா செய்யலன்னு நான் நினைக்கவே இல்ல. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான், இந்த உரைல இன்னும் ரெண்டு பேரைச் சேக்க முடியுமான்னு அட்டிகஸ் கேட்டதுக்கு, அது ஏற்கனவே ஊரெல்லாம் பரவிடுச்சு, இனிமே முடியாதுன்னு சிசரோவே சொல்லியிருக்கார். உங்க கையில இருந்த சுருள்ல ஸ்பாஞ்ச் வெச்சு மையைத் துடைச்சிருப்பீங்க, ஆனா வெளிய போன ஒரு பிரதிய யாரோ வாங்கி, அதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதி, அதுலேர்ந்து வேற ஒருத்தர்னு போயிட்டே இருந்தா அதை யார் போய்ப் பிடிக்கறது? இன்னொரு நூல்ல ஒரு கிரேக்க நாடகாசிரியர் பேரை யூபோலிஸ்னு தப்பா போட்டதை அரிஸ்டோஃபனீஸ்னு மாத்தச் சொன்னார், அது மாறிடுச்சு, எங்களுக்கு வந்த பிரதிகள்ல அரிஸ்டோஃபனீஸ்தான் இருக்கு. லிகாரியஸ் உரைல அந்த வாய்ப்பு கிடைக்கல.

அப்புறம் நூறு நூறு வருஷமா மடங்கள்ல உக்காந்து இந்த உரைய எழுதினவங்களும், இந்த அட்டிகஸ் கடிதத்தைப் பார்த்திருந்தாத்தானே பேரை எடுக்கணும்னு தெரியும், அந்தக் கடிதங்கள் அநேகமா யார் கண்ணுலயும் படாமதான் கிடந்துச்சு. 1345-ல வெரோனால இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கண்டுபிடிச்ச பிறகுதான் இந்தச் சேதி திரும்ப வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த பதிப்பாசிரியர்களுக்கு விஷயம் தெரியும், தெரிஞ்சும் பேரை அப்படியே விட்டிருக்காங்க.

அவங்க செஞ்சது சரின்னுதான் நான் சொல்வேன், எழுதினவரே எடுக்கச் சொன்னதை வெச்சிருக்கோமேன்னு மனசு உறுத்தினாலும். நகல் எடுத்தவங்க கையில நுழைஞ்ச தப்பைக் களையறதுதான் பதிப்பாசிரியர் வேலை, சிசரோ பண்ண தப்புல கை வைக்க ஆரம்பிச்சா எங்க நிறுத்தறது? வெர்ரஸ்ங்கற ஆளுநருக்கு எதிரா சிசரோ எழுதின உரைல ஒரு லத்தீன் சொல்லு, அவரோட செயலாளர் டீரோ பார்த்துப் பார்த்து சரி பண்ணதுன்னு பேர் வாங்கின பிரதிலயே ‘ஃபுடூரும்’னு இருந்துச்சு, இலக்கணப்படி ‘ஃபுடூராம்’னுதானே வரணும், இது எழுத்துப்பிழைன்னு படிச்சவங்க சண்டைக்கு வந்தாங்க. ரெண்டாம் நூற்றாண்டுல கெல்லியஸ்ங்கற ரோமானிய எழுத்தாளர், அது பழைய வழக்கு, தொடாதீங்கன்னு பழைய எழுத்தாளர்களை எல்லாம் எடுத்துக்காட்டி வாதாடியிருக்கார். திருத்தறேன்னு கிளம்பறவங்க கெடுத்த இடமும் நிறைய இருக்கு.

ஆனா பேரை மட்டும் அச்சுல விட்டுட்டு சும்மா போறதை என்னால ஏத்துக்க முடியல. அந்த உரைய யார் பதிப்பிச்சாலும், மொழிபெயர்த்தாலும், அந்த வரிக்குக் கீழயே சிசரோ இதை எடுக்கச் சொன்னார், இந்த மூணு பேர்கிட்ட சொல்லச் சொன்னார்னு உங்க பேரோட போடணும். அதைப் போடாத பதிப்பு எனக்கு அரைகுறைப் பதிப்புதான்.