குலுக்கலில் கிடைக்கும் பள்ளிக்கூடம்

அன்புள்ள நடராசன்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பின் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேத்திக்குப் பள்ளி தேடி அலைவதைச் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை அரசு பெற்றோர் கையில் சீட்டாக (வவுச்சராக) கொடுத்துவிட்டால் விரும்பிய பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களே, அரசு ஏன் பள்ளி நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தாய். 34 ஆண்டுகள் ஒன்றியப் பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்தவன் ஒருதலையாகத்தான் பேசுவான் என்று நினைப்பாய். அப்படியே வைத்துக்கொண்டு மேலே படி.

உன் யோசனை பழையது. அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955இலேயே எழுதினார். சிலி நாடு 1981இல் நடைமுறைப்படுத்தி, பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பதையும் மேற்கொண்டு கட்டணம் வாங்குவதையும் தடுக்க 2015இல் சட்டம் போட வேண்டியதாயிற்று. நமக்குப் பக்கத்தில் ஆந்திரக் கிராமங்களிலும் குலுக்கல் முறையில் சீட்டுக் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சீட்டுப் பெற்ற பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் மற்றவர்களைவிட முன்னேறிவிடவில்லை, இந்தியில் முன்னேறினார்கள். ஆனால் தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு அரசுப் பள்ளியில் ஆனதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்தில் பிடித்தது என்பது உனக்கும் எனக்கும் சொல்லாமலே விளங்கும்.

நம் ஊரில் இந்தச் சீட்டு அரைகுறையாக ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக உள்ள தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் தெருக்கோடியில் இருந்த மெட்ரிக் பள்ளியில் நடந்த குலுக்கலைப் பார்க்கப் போயிருந்தேன். ஊறுகாய் ஜாடி போன்ற ஒரு கண்ணாடிக் குடுவையில் மடித்த சீட்டுகளைப் போட்டு, அங்கே படிக்கும் ஒரு சிறுமியை விட்டே எடுக்கச் சொன்னார்கள். என்னிடம் படித்த பெண்ணொருத்தி, வருமானச் சான்றிதழின் நகலை நான்காக மடித்து உள்ளங்கையில் இறுக்கியபடி நின்றாள். அவள் மகன் பெயர் வந்ததும் என்னைப் பார்த்துவிட்டு, தப்புச் செய்துவிட்டவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இ-சேவை மையத்துக்கு இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்து, சான்றிதழ் வாங்கி, கடைசி நாளுக்குள் விண்ணப்பம் போடத் தெரிந்த தாயின் பிள்ளைதான் அங்கே போகிறது. மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, சத்துணவில் உப்புக் கூடினால்கூட வந்து சண்டை போடுகிறவளும் அதே தாய்தான். அவள் போன பிறகு எங்களைக் கேள்வி கேட்க ஆளில்லை. அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் 63 பேர் இருந்தார்கள். இப்படி ஆறு பேர் போனதும் 57 ஆயிற்று. சட்டப்படி 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 60ஐத் தாண்டினால்தான் மூன்று. உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் மூன்றாவது ஆசிரியை வேறு ஒன்றியத்துக்குப் போனார்; ஐந்து வகுப்புகளை இருவர் பார்த்தோம். அடுத்த ஆண்டு ஏன் இன்னும் குறைந்தது என்று கேட்கிறார்கள்! தன் பள்ளி காலியாவதற்கு அரசே கட்டணம் கட்டுகிறது என்று நான் சொல்வது மிகையில்லை.

போன பிள்ளைக்கும் பாதை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம், இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழ். அப்படி அரசுப் பள்ளிக்குத் திரும்பி வருகிறவர்களையும் மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொண்டது அரசின் நல்ல புத்தி என்றுதான் சொல்வேன். 2025இல் நடந்தது அதைவிடக் கொடுமை. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்காத தகராறில் ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்திவைக்க, இந்த 25 விழுக்காட்டுச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதற்குள் ஜூனிலேயே பணம் கட்டிச் சேர்த்திருந்தவர்களின் பிள்ளைகளிலிருந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். முன்பணம் கட்ட முடியாதவனுக்காக வந்த சட்டம், முன்பணம் கட்டியவனுக்குப் போயிற்று.

இவ்வளவு சொன்னாலும், அந்தத் தாயிடம் விண்ணப்பிக்காதே என்று சொல்ல எனக்கு அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வராது. என் மகனை நான் எங்கே படிக்கவைத்தேன் என்பது உனக்குத் தெரியும்.

பேத்திக்குப் பள்ளி பார்க்கும்போது உங்கள் தெருவின் அரசுப் பள்ளிக்கும் ஒரு நாள் காலைச் சிற்றுண்டி நேரத்தில் போய் வா. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
கதிர்வேல்