உதகையின் நிலப் பயன்பாட்டைத் திருத்தும் முன் நடந்தே கள ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
காந்தல், பிங்கர்போஸ்ட், இந்துநகர் பகுதிக் குடியிருப்போர்,
உதகமண்டலம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: உதகமண்டலம் நகராட்சி – முழுமைத் திட்டம் மற்றும் நிலப் பயன்பாட்டைத் திருத்துவதற்கு முன் – நகர மையம் முதல் எல்லை வரை நடந்து கள ஆய்வு செய்து நீர்வழி, பள்ளம், சரிவு ஆகியவற்றைப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரிங்கிராஸில் தொடங்கி கமர்சியல் சாலை, ஏ.டி.சி., பேருந்து நிலையம், ஏரிக்கரை, பிங்கர்போஸ்ட், இந்துநகர் வழியாகத் தலைகுந்தா வரை நாங்கள் சிலர் சேர்ந்து நடந்து பார்த்ததன் பேரில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். அன்றாடம் பேருந்திலும் ஜீப்பிலும் கடந்து போகிற வழிதான் இது. ஆனால் வண்டியில் போகும்போது சாலையின் நெரிசல் தெரிகிறதே தவிர, நிலம் எங்கே தாழ்கிறது, தண்ணீர் எப்பக்கம் போக விரும்புகிறது என்பது தெரிவதில்லை.

நடக்கும்போது முதலில் புலப்படுவது, இந்நகரின் மூத்த கட்டடங்கள் மேட்டில் இருக்கின்றன என்பதே. 1820களில் அன்றைய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில், குன்றின் மேல் நிற்கிறது. 1831இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயமும் மேட்டில்தான் இருக்கிறது. அக்காலத்தில் பள்ளம் தண்ணீருக்கு விடப்பட்டது. அதே ஆண்டுகளில் ஓடைகளை மறித்து ஏரியும் அமைக்கப்பட்டது. பிந்தைய காலத்தில்தான் நகரம் பள்ளத்தில் இறங்கியது. ஏரி முன்பு பரவியிருந்த நிலத்தில் குதிரைப் பந்தய மைதானம் வந்தது, பேருந்து நிலையம் வந்தது. 1908இல் குன்னூரிலிருந்து நீட்டிக்கப்பட்ட மலை ரயில் பாதையின் கடைசி நிலையமும் இந்தத் தாழ்வுப் பகுதியை ஒட்டியே இருக்கிறது. பலத்த மழை பெய்தால் ரயில் நிலையத்தை அடுத்த பாலத்தின் அடியில் வண்டிகள் நின்றுபோவதை ஊரார் அனைவரும் அறிவார்கள். அடைப்பு எடுக்கப்படவில்லை என்று ஒவ்வொரு முறையும் குறை சொல்கிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வருகிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

கோடப்பமந்து கால்வாய் இதற்குத் தெளிவான சான்று. மேலிருந்து ஓடையாக இறங்கி வரும் அது, நகருக்குள் நுழைந்ததும் கட்டடங்கள் முதுகு காட்டி நிற்கும் சாக்கடையாகி, சில இடங்களில் மூடியின் கீழ் மறைந்து, கடைசியில் கழிவையும் மண்ணையும் சுமந்துகொண்டு ஏரியில் கலக்கிறது. ஏரியைத் தூர்வாரும் பணிக்கு மீண்டும் மீண்டும் நிதி ஒதுக்கப்படுவதை வரவேற்கிறோம். ஆனால் மண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை ஏரிக்கரையில் கிடைக்காது, மேலே நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஏரியைத் தாண்டிப் பிங்கர்போஸ்ட் ஏறினால் மூன்றாவது காலம் தொடங்குகிறது. மேடும் பள்ளமும் நிரம்பிவிட்டதால், இப்போது நகரம் சரிவுகளில் ஏறுகிறது. உருளைக்கிழங்கும் கேரட்டும் பீட்ரூட்டும் விளைந்த அடுக்கு நிலங்கள் பல, மனையாகவும் காட்டேஜாகவும் மாறிவருகின்றன. விவசாயியைக் குறை சொல்வதற்கில்லை. விதை, உரம், கூலி, காட்டுப்பன்றி, காட்டெருமை என எல்லாவற்றையும் சமாளித்த பிறகு மண்டியில் கிடைக்கும் விலையைப் பார்த்தால், விற்பவரின் நிலைமை எவருக்கும் புரியும். ஆனால் அந்த நிலத்தில் வீடு கட்ட மலையைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழே ஓடையில் தள்ளி, அதற்கொரு தடுப்புச் சுவர் எழுப்பும்போது, சுவரில் நீர் வடியத் துளைகள் விடப்பட்டிருக்கின்றனவா என்பதைக்கூட யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, மண் கனத்து, சுவரோடு சரிவதுதான் இங்கே வழக்கமான விபத்து. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் இறந்தனர். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய மழை நகரச் சரிவுகளின் மேல் இறங்கினால் என்னாகும் என்ற கேள்வி எங்களுக்கு உறக்கம் கெடுக்கும் கேள்வியாக இருக்கிறது.

இந்துநகரில் 1960இல் நிறுவப்பட்டுப் பின்னர் மூடப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் வளாகம் இருக்கிறது. அப்பகுதியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மலை மக்கள் கோவைக்கு ஓடவேண்டிய அவலத்தைக் குறைக்கும் அம்மருத்துவமனைக்கு நன்றியுடையோம். ஆனால் நகரத்தின் எல்லை இனி அங்கிருந்து வெளியே நகரும். தலைகுந்தா வரை எஞ்சியிருக்கும் புல்வெளியும் ஓடைக்கரைச் சதுப்பும், பார்வைக்குப் பயனற்ற காலி இடமாகத் தெரிந்தாலும், மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் சிறுகச் சிறுக விடுபவை அவையே. வரைபடத்தில் தரிசு என்று ஒரு சொல்லில் அடங்கிப்போவது அவற்றின் துரதிர்ஷ்டம்.

மலைப் பகுதிக் கட்டட விதிகள் 1993ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுள்ளன. விதி இல்லை என்பது எங்கள் குறையன்று. விதியைப் பொருத்திப் பார்க்க வேண்டிய நிலம் எப்படி இருக்கிறது என்ற பதிவு, சர்வே எண்ணும் பரப்பளவும் தாண்டி இல்லை என்பதே எங்கள் குறை. ஆகவே, முழுமைத் திட்டமோ நிலப் பயன்பாட்டு மாற்றமோ இறுதி செய்யப்படுவதற்கு முன்னர், நகரிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முக்கியச் சாலையிலும் வருவாய், நகராட்சி, நகர் ஊரமைப்பு, வனம், தோட்டக்கலை, நெடுஞ்சாலைத் துறையினர், அந்தந்தப் பகுதியின் பழைய குடியிருப்போர், விவசாயிகள், மந்து எனப்படும் தங்கள் குடியிருப்புகளில் வாழும் தோடர் மக்கள் ஆகியோருடன் மையத்திலிருந்து எல்லை வரை நடந்து, மூடப்பட்ட ஓடை, நிரப்பப்பட்ட பள்ளம், அண்மையில் வெட்டப்பட்ட சரிவு, எஞ்சிய சதுப்பு ஆகியவற்றைக் குறித்து, அந்தப் பதிவைத் தமிழில் நகராட்சி அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு வேண்டுகிறோம். அதுவரை ஓடைக்கரைகளிலும் சதுப்புகளிலும் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவைக்கவும், 2024இல் அரசு மீட்ட பந்தய மைதான நிலத்தில் எத்தகைய பூங்கா அமைந்தாலும் மழைநீர் தங்குவதற்கான பரப்பைக் கான்கிரீட் இன்றி விடவும் ஆணையிடக் கோருகிறோம்.

இந்த நடை ஆய்வை மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் வைக்க வேண்டாம்; அப்போது நடக்க இடமும் இராது, ஓடைகளில் நீரும் இராது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர், நவம்பரில் வைத்தால், எந்த வழி யாருடையது என்பதைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். தேதி தெரிவிக்கப்பட்டால், காந்தல் முக்கோணம் முதல் தலைகுந்தா வரை வழிகாட்டி உடன் வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
காந்தல், பிங்கர்போஸ்ட், இந்துநகர் பகுதிக் குடியிருப்போர்

இடம்: உதகமண்டலம்
இணைப்பு: நடந்த வழியின் கைவரைபடம், கையொப்பத் தாள்கள்