போட்டோ சரியாகப் போகவில்லையா? போனை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

பாம்பன் கடை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் படகுக்கார அண்ணன் ஒருவர் கோபமாகக் கடைக்கு வந்தார். என்ஜினில் இருக்கும் நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்து ராமநாதபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவருக்கு அனுப்பியிருக்கிறார், அங்கே போய்ச் சேர்ந்த படத்தில் எது 8 எது 3 என்றே தெரியாமல் அவர் ஒரு சாமானைக் கொடுத்துவிட, அது பொருந்தாமல் அண்ணனுக்கு இரண்டு நாள் தொழில் போய்விட்டது. "கேமரா நல்லா இருக்கும்னு சொல்லித்தானே தம்பி கொடுத்தீங்க" என்றார். போனை வாங்கி, கேலரியில் அதே படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். எண்ணெய்ப் பிசுக்கு, ஓரத்துத் துரு, ஒவ்வொரு எண், எல்லாம் பளிச்சென்று இருந்தது. படம் சுருங்கியது வழியில்தான்.

அவர் அனுப்பியது சாதாரண மெசேஜ் ஆப்பில், அதாவது எம்எம்எஸ். இதில் படம் நேராக எதிராளி போனுக்குப் போகாது. முதலில் சிம் கம்பெனியின் சர்வருக்குப் போகும், அங்கிருந்து 'உனக்குப் படம் வந்திருக்கிறது' என்று ஒரு சின்னத் தகவல் போகும், அப்புறம் எதிராளியின் போன் டேட்டா வழியாக அதை இறக்கிக்கொள்ளும். எவ்வளவு பெரிய படத்தை ஏற்பது என்று முடிவு செய்வது கம்பெனிதான். பெரும்பாலும் 300 கேபி, மிஞ்சினால் 1 எம்பி (சுமார் ஆயிரம் கேபி சேர்ந்ததுதான் ஒரு எம்பி). இன்றைய போனில் ஒரு படமே 3, 4 எம்பி வருகிறது. அதனால் போனே அதைப் பத்தில் ஒரு பங்காக நசுக்கித்தான் அனுப்புகிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2007-இல் ஐபோன் வந்தபோது அதில் எம்எம்எஸ் வசதியே கிடையாது. 2009 ஜூனில் ஆப்பிள் அதைக் கொடுத்த பிறகும், அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற சிம் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் செப்டம்பர் 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேறு பல நாடுகளில் அதே போனில் அதற்கு முன்பே படம் போய்க்கொண்டிருந்தது. நல்ல போன் கையில் இருந்தாலும் கம்பெனி கதவைத் திறந்தால்தான் உண்டு.

இன்னொன்று, பேலன்ஸ் காணாமல் போகிறது என்று பல அக்காமார்கள் கேட்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'பாம்பன்' நமக்கு நாலு எழுத்து, போனுக்கு ஏழு. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு நாலு வரி எழுதினாலே இரண்டு, மூன்று மெசேஜ் ஆகிவிடும், அதற்கு மேல் நீண்டால் சில போன்கள் தானாகவே அதை எம்எம்எஸ்ஸாக மாற்றிவிடும், பேக்கில் இருக்கும் இலவச எஸ்எம்எஸ்ஸில் அது சேராமல் தனியாகக் காசு பிடிப்பார்கள். இதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கடைக்கு வாருங்கள், உங்கள் போனில் அந்த செட்டிங் இருந்தால் அணைத்துத் தருகிறோம்.

படம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் டேட்டா ஆனில் இருக்கிறதா பாருங்கள். புது சிம் போட்டவர்களுக்கு ஏபிஎன் செட்டிங் (போனை சிம் கம்பெனியின் டேட்டாவோடு இணைக்கும் செட்டிங்) விட்டுப்போயிருக்கும், ஐந்து நிமிட வேலை. அரிச்சல்முனைப் பக்கம் போகிறவர்கள் டேட்டா ரோமிங்கை (வேறு கம்பெனி டவரில் டேட்டா ஓடுவதை) அணைத்து வையுங்கள், அங்கே இலங்கை டவர் பிடித்துவிடும்.

என்ஜின் நம்பர், ஆதார், பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி எழுத்து தெரிய வேண்டிய படங்களை மெசேஜில் அனுப்பவே வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் வெறும் போட்டோவாக அனுப்பினால் சுருங்கும். பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும் அடையாளத்தைத் தொட்டு 'டாக்குமெண்ட்' என்பதில் போய் அனுப்புங்கள், எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும். அந்த அண்ணன் கடையில் உட்கார்ந்தே அப்படி அனுப்பினார், சரியான சாமான் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியது.

செட்டிங் பார்ப்பதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை, போன் எங்கே வாங்கியதாக இருந்தாலும் சரி. காலையில் கூட்டம் இருக்கும், மதியம் மூன்று மணிக்கு மேல் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பாம்பன் மொபைல் கடையிலிருந்து